மலிவு விலைக் கணினி அலுவலகத்துக்கு ஆகுமா?

சொந்தமாகத் தொழில் தொடங்கும் நண்பர்கள் தவறாமல் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பெரிய கடைகளில் 350 டாலருக்கு மடிக்கணினி கிடைக்கிறது. அதே நிறுவனம் அலுவலகங்களுக்கென்று தயாரிப்பது 900 டாலர். இரண்டிலும் விண்டோஸ்தான் ஓடுகிறது, இரண்டிலும் எக்செல்தான் திறக்கிறது. பிறகு எதற்காக அந்த 550 டாலர்?"

இதற்கு இரண்டு தயார் பதில்கள் உலவுகின்றன. "கடையில் விற்கும் மலிவுக் கணினி எல்லாம் குப்பை, தொடாதே" என்பது ஒன்று. "உள்ளே இருப்பதெல்லாம் ஒரே சில்லுதான், பெயருக்குத்தான் காசு" என்பது இன்னொன்று. மென்பொருள் துறையில் இருந்துகொண்டு, தெரிந்தவர்களின் சிறு அலுவலகங்களுக்கும் அவ்வப்போது கணினி தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறவன் என்ற முறையில், இரண்டுமே பாதிதான் சரி என்பேன். மீதிப் பாதியைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

விலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நினைவகச் சில்லுகளின் சந்தையைப் பொறுத்து கணினி விலை ஏறும், இறங்கும். 350, 900 என்பவை நான் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். விகிதம்தான் முக்கியம்.

எங்கே குறைக்கிறார்கள்?

ஒரு கணினியின் விலையைப் பாதியாக்க வேண்டுமென்றால் எங்கேயாவது கத்தி வைத்தாக வேண்டும். கடைக்காரர் அட்டையில் பெரிய எழுத்தில் போடும் விஷயங்களில் கத்தி விழாது. சிறிய எழுத்தில் இருப்பவற்றில்தான் விழும்.

முதலில் ப்ராசஸர். மலிவுக் கணினிகளில் நீண்ட காலம் செலரான், பென்டியம் என்ற பெயர்கள் இருந்தன. 2023 முதல் மடிக்கணினிகளுக்கு அந்தப் பெயர்களை விட்டுவிட்டு, வெறுமனே 'இன்டெல் ப்ராசஸர்' என்றே அந்நிறுவனம் விற்கிறது. அந்த ஆண்டு வந்த என்100 நான்கு கோர் கொண்டது, வெறும் 6 வாட் மின்திறனுக்கு வடிவமைக்கப்பட்டது. கடிதம் எழுத, கணக்கு போட, இணையப் பக்கங்களைப் பார்க்க அது போதும். 2019-ல் வந்த இரண்டு கோர் செலரான் என்4020 வகையறா இன்னமும் பழைய சரக்காகக் கண்ணில் படும். அதில் நான்கைந்து இணையப் பக்கங்களும் ஒரு வீடியோ கூட்டமும் சேர்ந்தால் மூச்சுத் திணறும்.

இரண்டாவது, நினைவகம். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவை 4 கிகாபைட் நினைவகமும் 64 கிகாபைட் சேமிப்பும். 'குறைந்தபட்சம்' என்றால் கணினி கண் திறக்கும் என்று அர்த்தம், வேலை செய்யும் என்று அல்ல. மலிவு மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அடுத்த வருடம் இன்னொரு 8 கிகாபைட் போட்டுக்கொள்ளலாம் என்ற திட்டம் அங்கே செல்லாது. வாங்கிய நாளில் என்ன இருந்ததோ, தூக்கிப் போடும் நாளிலும் அதுதான்.

மூன்றாவது, சேமிப்பு. ஈஎம்எம்சி என்று எழுதியிருந்தால் அங்கேயே நின்று யோசியுங்கள். அது மலிவுக் கைபேசிகளிலும் பலகைக் கணினிகளிலும் இருக்கும் வகை ஃபிளாஷ் நினைவகம். வினாடிக்கு 400 மெகாபைட்தான் அதன் உச்சவரம்பு. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 550 வரை போகும், என்விஎம்இ வகை 3,000-ஐத் தாண்டும். வேகத்தைவிட பெரிய சிக்கல் வேறு. 64 கிகாபைட்டில் விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளுமே பாதியளவை விழுங்கிவிடும். இதையும் பெரும்பாலும் பலகையில் பற்றவைத்துவிடுகிறார்கள். அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

நான்காவது, திரை. 1366-க்கு 768 என்றால் சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள். 1920-க்கு 1080 என்றால் இருபது லட்சத்துக்கும் மேல். படம் பார்ப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. இடப்பக்கம் வாடிக்கையாளரின் சம்பளப் படிவத்தையும் வலப்பக்கம் வரிப் படிவத்தையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க எண்களைச் சரிபார்ப்பவருக்கு இது கண் பிரச்னை, பிழைப் பிரச்னை.

இவை எல்லாமே அட்டையைப் படித்தால் தெரிந்துவிடுகிற குறைகள். 350-க்குப் பதில் 500 கொடுத்தால் இந்த நான்கையும் தவிர்த்துவிடலாம். அப்படியானால் 500 டாலர் கடைக் கணினி அலுவலகத்துக்குப் போதும்தானே? இங்கேதான் விஷயம் கொஞ்சம் சுவாரஸ்யமாகிறது.

மலிவான பாகம் சீக்கிரம் கெடுமா?

கெட்டாக வேண்டும் என்று கட்டாயமில்லை. இதற்கு இரண்டு நல்ல சாட்சிகள் உண்டு.

பேக்பிளேஸ் என்ற நிறுவனம் பிறருடைய கோப்புகளுக்கு இணையம் வழியே நகல் எடுத்து வைத்துக்கொள்ளும் தொழில் செய்கிறது. 2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் வன்தட்டுத் தொழிற்சாலைகள் மூழ்கி, உலகெங்கும் வன்தட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது அந்த நிறுவனத்தார் காஸ்ட்கோ, பெஸ்ட்பை போன்ற கடைகளில் ஆளுக்கு இரண்டாக, வீட்டு உபயோக வெளிப்புற வன்தட்டுகளை வாங்கி, பெட்டியை உடைத்து உள்ளே இருந்ததை எடுத்து, தங்கள் சேமிப்புக் கணினிகளில் மாட்டினார்கள். 2013 டிசம்பரில் தங்கள் அனுபவக் கணக்கை வெளியிட்டார்கள். வீட்டு உபயோக வன்தட்டுகள் ஆண்டுக்கு 4.2 சதவீதம் கெட்டன. நிறுவனங்களுக்கென்று விற்கப்படும் விலை உயர்ந்தவை 4.6 சதவீதம் கெட்டன. இரண்டாம் வகை அவர்களிடம் மிகக் குறைவாகவே இருந்தது என்பதால், விலை உயர்ந்தது மோசம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் விலை குறைந்தது கட்டாயம் சீக்கிரம் சாகும் என்ற நம்பிக்கை அங்கே அடிபட்டுப் போயிற்று.

இரண்டாவது சாட்சி கூகிள். 1999-ல் அவர்கள் கட்டிய சர்வர்களில் சாதாரணத் தாய்ப்பலகைகள் தக்கைத் தகட்டின் மேல் வரிசையாகப் பரப்பப்பட்டிருந்தன. 2003-ல் அவர்களுடைய பொறியாளர்கள் எழுதிய கட்டுரை, 15,000-க்கும் அதிகமான சாதாரண ரகக் கணினிகளை வைத்துத் தேடுபொறியை நடத்துவதை விவரித்தது. அதே ஆண்டு அவர்கள் வெளியிட்ட கோப்பு முறைமை பற்றிய இன்னொரு கட்டுரையின் அடிப்படையே, கணினி கெடுவது விதிவிலக்கு அல்ல, அன்றாட வழக்கம் என்பதுதான். ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் மூன்று நகல் வைத்தார்கள். ஒரு கணினி செத்தால் வேலை அடுத்த கணினிக்குப் போய்விடும்.

இந்த இரண்டு கதைகளையும் சொல்லி "பார்த்தாயா, கூகிளே மலிவுக் கணினிதான் வாங்கினான்" என்று வாதாடுபவர்கள் உண்டு. அவர்கள் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். பாகத்தில் மிச்சம் பிடித்த காசை, பாகம் கெட்டால் தாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டில் அந்த நிறுவனங்கள் போட்டன. நான்கு பேர் வேலை செய்யும் கணக்கர் அலுவலகத்தில் அந்த ஏற்பாடு எங்கே இருக்கிறது?

ஆகவே, கேட்க வேண்டியது இந்தக் கணினி கெடுமா என்பதல்ல. எந்தக் கணினியும் ஒருநாள் கெடும். கெட்டால் என் வேலை எத்தனை நேரம் நிற்கும், அதைச் சரி செய்யும் பொறுப்பு யாருடையது என்பதைத்தான் கேட்க வேண்டும். 550 டாலரின் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கான பதிலுக்குத்தான் போகிறது.

550 டாலரில் என்ன கிடைக்கிறது?

முதலாவது, பழுது பார்க்கும் உத்தரவாதம். கடைக் கணினிக்குப் பொதுவாக ஓர் ஆண்டு. கெட்டால் பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டும், திரும்பி வர ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். அலுவலக வகைக் கணினிகளுக்கு மூன்று ஆண்டு உத்தரவாதமும், அடுத்த வேலை நாளே பாகத்தோடு ஆள் வந்து மாட்டிக்கொடுக்கும் வசதியும் காசு கொடுத்தால் கிடைக்கும்.

இங்கே அந்தப் பற்றவைத்த சேமிப்புக்கு வருகிறேன். கழற்றக்கூடிய எஸ்எஸ்டி என்றால், பழுதுக்கு அனுப்புமுன் திருகாணியைக் கழற்றி அதை எடுத்து மேசையில் வைத்துக்கொள்ளலாம். பலகையிலேயே பற்றவைத்திருந்தால், கணினியோடு சேர்ந்து உங்கள் வாடிக்கையாளர்களின் விவரங்களும் தபாலில் பயணம் போகும். அலுவலகக் கணினிகளுக்கு, பழுதான வட்டைத் திருப்பித் தராமல் வாடிக்கையாளரே வைத்துக்கொள்ளும் சேவையை டெல், ஹெச்பி போன்ற நிறுவனங்கள் தனியாக விற்கின்றன என்றால், கேட்பதற்கு ஆள் இருப்பதால்தான்.

இரண்டாவது, மாறாத தன்மை. கடைக் கணினியில் வெளியே ஒரே பெயர் இருக்கும். உள்ளே வைஃபை அட்டையும் திரையும் மாதத்துக்கு மாதம் மாறும். நன்றி நவிலல் நாள் தள்ளுபடிக்கென்றே தனி மாடல் எண்ணோடு வருபவையும் உண்டு. ஒரே ஒரு கணினி வாங்குபவருக்கு இதனால் நஷ்டமில்லை. இன்று நான்கும் அடுத்த ஆண்டு இரண்டும் வாங்குபவருக்கு ஆறும் ஆறு விதமாக இருந்தால் தலைவலி. இன்டெல் நிறுவனத்துக்கு 'ஸ்டேபிள் ஐடி பிளாட்ஃபார்ம்' என்றொரு திட்டம் இருக்கிறது. அதன்கீழ் வரும் அலுவலகக் கணினிகளில் முக்கியமான சில்லுகளும் இயக்கிகளும் குறைந்தது 15 மாதத்துக்கு மாறாமல் பார்த்துக்கொள்வதே அதன் நோக்கம்.

மூன்றாவது, கேட்காமல் வரும் விருந்தாளிகள். மலிவுக் கணினியின் விலையில் ஒரு பங்கை, முன்கூட்டியே நிறுவப்படும் மென்பொருள்களின் முதலாளிகள் கொடுக்கிறார்கள். 30 நாள் வைரஸ் தடுப்பு, விளையாட்டு, கூப்பன் என்று வருபவை பெரும்பாலும் எரிச்சலோடு நின்றுவிடும். 2014-ல் நிற்கவில்லை. அந்த ஆண்டு லெனோவோவின் வீட்டு உபயோக மடிக்கணினிகள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் நிறுவப்பட்டிருந்தது. பாதுகாப்பான இணையத் தொடர்புகளுக்கு நடுவே அது புகுந்து விளம்பரம் செருகியது. அதற்காக எல்லாக் கணினிகளிலும் ஒரே ரகசியச் சாவியை வைத்திருந்தார்கள். 2015 பிப்ரவரியில் அந்தச் சாவியின் கடவுச்சொல்லை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் உடைத்துக் காட்டினார். அதைக் கைப்பற்றியவர் எவரும் வங்கியின் தளம் போல வேடமிட முடியும் என்ற நிலை. 2017-ல் ஃபெடரல் டிரேட் கமிஷனுடனும் 32 மாநிலங்களுடனும் லெனோவோ சமரசத்துக்கு வந்தது, மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கொடுத்தது. அதே நிறுவனத்தின் அலுவலக வகையான திங்க்பேட்களில் அந்த மென்பொருள் போடப்படவில்லை. ஒரே கம்பெனி, இரண்டு வாசல்.

அலுவலக வகை என்றாலே பழுதில்லாதது என்றும் நினைத்துவிட வேண்டாம். 2003 முதல் 2005 வரை விற்ற டெல்லின் ஆப்டிபிளெக்ஸ் கணினிகள் அலுவலகங்களுக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றின் தாய்ப்பலகையில் இருந்த மின்தேக்கிகள் வீங்கி, கசிந்து, ஏராளமான கணினிகள் படுத்தன. 2005-ல் இதைச் சரிக்கட்ட அந்த நிறுவனம் 30 கோடி டாலர் ஒதுக்கியது. பெயர்ப்பலகை எதையும் காப்பாற்றாது. எழுத்தில் உள்ள உத்தரவாதம்தான் காப்பாற்றும்.

ஹோமும் புரோவும்

நான்காவதாக உள்ளதுதான் என் கணக்கில் மிக முக்கியமானது, வாங்குபவர்கள் கடைசியாகப் பார்ப்பதும் அதுதான். கடைக் கணினியில் வருவது விண்டோஸ் ஹோம். அலுவலகக் கணினியில் வருவது விண்டோஸ் புரோ. பார்ப்பதற்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஹோமை அலுவலகத்தின் ஆக்டிவ் டைரக்டரி போன்ற மையக் கட்டுப்பாட்டில் சேர்க்க முடியாது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான விதிகளை எழுதிவைக்கும் குரூப் பாலிசி அதில் கிடையாது. விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஹோமிலிருந்து வேறொரு கணினிக்குள் போகலாம், ஹோம் கணினிக்குள் வர முடியாது.

இதெல்லாம் பெரிய கம்பெனி சமாசாரம் என்று தோன்றலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன்.

நியூ ஜெர்சியில் வரிப் படிவம் தயாரித்துக் கொடுக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் 15 வரைதான் அவருக்கு அறுவடைக் காலம். அந்த மாதங்களுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு பேரை வேலைக்கு வைப்பார். அவர்களுக்காகக் கடையில் வாங்கிய மலிவு மடிக்கணினிகள் இரண்டு இருந்தன, விண்டோஸ் ஹோமோடு. அந்தப் பருவத்துக்கு வந்த பெண், கணினி கேட்டபடி தன் சொந்த மின்னஞ்சல் கணக்கையே கொடுத்து முதல் நாள் அமைத்துக்கொண்டார். இந்த வகைக் கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் சேமிப்பு தானாகவே மறையாக்கம் செய்யப்படும். அதாவது, சாவி இல்லாதவர் சேமிப்பைத் தனியே எடுத்துப் போனாலும் படிக்க முடியாதபடி எழுதப்படும். நல்ல விஷயம்தான். ஆனால் சாவி எங்கே போகிறது? நுழைந்தவரின் சொந்தக் கணக்குக்கு.

ஏப்ரலில் அவர் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஜனவரியில் நண்பர் அந்தக் கணினியைத் திறந்தபோது, அடிப்படை நிரல் புதுப்பிக்கப்பட்ட சூட்டில் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. சாவி அந்தப் பெண்ணிடம். அவருடைய தொலைபேசி எண்ணோ மாறிவிட்டது. ஊர்க்காரர், உறவுக்காரர் என்று விசாரித்து, டெக்சாஸில் அவரைக் கண்டுபிடித்து, அவர் பழைய கணக்கைத் திறந்து எண்களைப் படித்துச் சொல்ல இரண்டு நாள் ஆனது. அவர் நல்ல மனிதராக இருந்ததால் இரண்டு நாளில் முடிந்தது. நண்பர் என்னைக் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான்.

புரோவில் இதே மறையாக்கத்தை அலுவலகத்தின் கட்டுப்பாட்டில் நடத்தலாம். சாவி முதலாளியிடம் இருக்கும், ஆள் போனாலும் சாவி போகாது. மைக்ரோசாஃப்ட் கடையில் ஹோமிலிருந்து புரோவுக்கு மாற அமெரிக்காவில் 99 டாலர். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது போல, பலர் இந்த 99 டாலரில்தான் சிக்கனம் பார்க்கிறார்கள்.

இது வசதியைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல, சட்டமும்கூட. 1999-ஆம் ஆண்டின் கிராம்-லீச்-பிளைலி சட்டத்தின் கீழ், வரிப் படிவம் தயாரிப்பவரும் நிதி நிறுவனம் என்ற கணக்கில் வருகிறார். ஃபெடரல் டிரேட் கமிஷன் திருத்தி, 2023 ஜூன் 9 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த 'சேஃப்கார்ட்ஸ்' விதி, வாடிக்கையாளர் விவரங்களை மறையாக்கம் செய்து வைக்கச் சொல்கிறது, கடவுச்சொல்லோடு இன்னொரு அடையாளச் சோதனையும் கேட்கிறது. 2024 மே 13 முதல், மறையாக்கம் செய்யாத விவரங்கள் 500 பேருக்கோ அதற்கு மேலோ பறிபோனால் 30 நாளுக்குள் கமிஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். ஐஆர்எஸ் வெளியிடும் 4557-ஆம் எண் கையேடும் வரித் தொழில் செய்வோருக்கு இதைத்தான் பாடம் எடுக்கிறது.

ஒரு வரி அலுவலக மடிக்கணினியில் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண், குழந்தைகளின் எண்கள், வங்கிக் கணக்கு, சம்பளம். காரின் பின் இருக்கையிலிருந்து அது திருடு போனால், மறையாக்கம் ஆகியிருந்தால் நஷ்டம் ஒரு கணினி. ஆகாமல் இருந்தால் நஷ்டம் அந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பாதிப் பேரின் அடையாளம். நண்பர் அதன்பின் தொழில் நடத்த முடியாது.

கொஞ்சம் கணக்கு

இப்போது 550 டாலரைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு கணினியை நான்கு ஆண்டு வைத்திருக்கிறோம், ஆண்டுக்கு 240 வேலை நாள் என்று வையுங்கள். மொத்தம் 960 நாள். 550-ஐ 960-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 57 சென்ட்.

அதில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு மணிக்கு 25 டாலர் செலவாகிறது என்று வையுங்கள். 57 சென்ட் என்பது அவருடைய 82 நொடி. அதாவது, மலிவுக் கணினி காலையில் கண் விழிக்கவும், கோப்பு திறக்கவும், புதுப்பிப்பு முடிக்கவும் நாளைக்கு ஒன்றரை நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டாலே மிச்சம் பிடித்த காசு போய்விட்டது. பத்து நிமிடம் எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு 40 மணி நேரம், 1,000 டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

இந்தக் கணக்கைத் திருப்பியும் போடலாம், போடத்தான் வேண்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டும் தொடப்படும் கணினிக்கு 82 நொடி வாதம் நிற்காது. அங்கே 900 டாலர் கொடுப்பது வீண். ஆகவே எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை, ஒரே அலுவலகத்துக்குள்ளேயே இரண்டு பதில் இருக்கலாம்.

எங்கே ஆகும், எங்கே ஆகாது?

மலிவுக் கணினி தாராளமாக ஆகும் இடங்கள்:

1. எல்லா வேலையும் இணைய உலாவியிலேயே முடிந்து, கணினிக்குள் எந்தக் கோப்பும் தங்காத மேசை. வரவேற்பறை, வருகைப் பதிவு, உணவகத்தின் விலைப்பட்டியல் திரை போன்றவை. இதற்குக் குரோம்புக்கும் நல்ல தேர்வு. 2021 முதல் வெளிவந்த குரோம்புக் வகைகளுக்குப் பத்தாண்டு தானியங்கிப் புதுப்பிப்பு தருவதாகக் கூகிள் 2023-ல் அறிவித்திருக்கிறது.

2. வீட்டிலிருந்து அலுவலகக் கணினிக்குள் நுழைந்து வேலை செய்வதற்கான கணினி. மூளை அங்கே, இங்கே திரை மட்டும்தான்.

3. உபரிக் கணினி. முதன்மைக் கணினி படுத்தால் அந்த மணி நேரத்திலேயே எடுத்து வைத்து வேலையைத் தொடர, அலமாரியில் தயாராக இருக்க வேண்டியது.

ஆகவே ஆகாத இடங்கள்: கணக்குப் புத்தகத்தின் ஒரே நகல் இருக்கும் கணினி. கடையின் ஒரே கல்லா. மற்றவர்களின் அந்தரங்க விவரம் தங்கும் கணினி. நாள் முழுக்க ஒருவர் முன்னால் உட்கார்ந்திருக்கும் கணினி. இரவும் பகலும் அணைக்காமல் சர்வர் போல ஓடவிடும் கணினி.

நடுவழி ஒன்றும் உண்டு. பெரிய நிறுவனங்கள் மூன்று, நான்கு ஆண்டு குத்தகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் அலுவலகக் கணினிகளைச் சுத்தம் செய்து மறுவிற்பனை செய்கிறார்கள். புதிய மலிவுக் கணினியின் விலையிலேயே நல்ல விசைப்பலகை, கழற்றி மாட்டக்கூடிய நினைவகம், விண்டோஸ் புரோ எல்லாம் கிடைக்கும். மூன்று விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலில் இல்லை. அடுத்து, மின்கலத்தின் ஆரோக்கியம். கடைசியாக, பழைய நிறுவனத்தின் பூட்டு அதில் இன்னும் இருக்கிறதா என்பது. புதிதாக விண்டோஸ் போட்டாலும் முந்தைய முதலாளியின் நுழைவுப் பக்கமே வந்து நிற்கும் கணினிகள் உண்டு. திருப்பித் தரும் உரிமையோடு மட்டும் வாங்குங்கள்.

நண்பரின் அலுவலகத்தில் கடைசியில் செய்தது இதுதான். அவருக்கும் நிரந்தர ஊழியருக்கும் மூன்றாண்டு உத்தரவாதத்தோடு இரண்டு புதிய அலுவலகக் கணினிகள். பருவகால ஊழியர்களுக்கு மறுவிற்பனைக் கணினிகள் இரண்டு, புரோவோடு. பழைய மலிவுக் கணினிகளில் ஒன்று வரவேற்பறையில் சந்திப்பு நேரம் குறிக்கப் போயிற்று, இன்னொன்று விண்டோஸ் புதிதாக நிறுவப்பட்டு உபரியாக அலமாரியில் ஏறியது. கோப்புகளுக்கு மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று அலுவலகத்துக்கு வெளியே. மலிவுக் கணினி எதையும் தூக்கிப் போடவில்லை, இடம்தான் மாற்றினோம்.

வாங்கப் போகுமுன் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கணினி நாளைக் காலை நின்றால் எந்த வேலை நிற்கும்? எத்தனை மணி நேரம்? யாரைக் கூப்பிடுவேன்? அது திருடு போனால் எவருடைய விவரம் போகும்? நான்குக்கும் "ஒன்றுமில்லை, யாருமில்லை" என்று பதில் வந்தால் கடையில் இருப்பதிலேயே மலிவானதை எடுத்துக்கொள்ளுங்கள், பணம் மிச்சம். ஒன்றுக்காவது பதில் எழுதும்போது கை தயங்கினால், அந்த மேசைக்கு மட்டும் மலிவு வேண்டாம்.